மன்றோவை விட்டுவிடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் அணைக்கரைகளிலும் விடுதி நடத்துகிற, நடத்தப்போகிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்காக உங்கள் விடுதியின் வரலாற்றை நான்கு வரியில் எழுதித் தரும்படி உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் மாதிரியும் அனுப்பியிருந்தார்: தாமஸ் மன்றோ தங்கி, மாலை வெயிலில் ஏரியை ரசித்த மாளிகை என்று. இன்னொருவருக்குத் திப்பு சுல்தான் வேண்டும். மூன்றாமவர் தயங்கித் தயங்கி, ஓர் ஆவிக் கதையும் சேர்க்க முடியுமா என்றார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் சும்மாதானே இருக்கிறான், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் நினைத்ததில் பிழையில்லை. எழுதுகிறேன். ஆனால் நான்கு வரியில் முடியாது. ஆளுக்கொரு தாளாகத் தருவதைவிட எல்லோருக்கும் சேர்த்து வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நல்லது.

முதலில் மன்றோ. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால், அதாவது நம்முடைய இந்தப் பகுதி, திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறியது. அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவியாளர்களாக வந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர்தான் மன்றோ. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இங்கே இருந்தார். தர்மபுரியில் அவருக்கு வீடும் தோட்டமும் இருந்தன; அந்தத் தோட்டத்தின்மேல் அவர் வைத்திருந்த பிரியம் கடிதங்களில் தெரிகிறது. மற்றபடி அவருடைய காலத்தில் பெரும்பகுதி கூடாரத்தில் கழிந்தது. நிலத்தை அளப்பது, தீர்வை போடுவது, இடைத்தரகர் இல்லாமல் குடியானவர்களோடு நேரடியாகக் கணக்குப் பேசுவது என்று ஊர் ஊராக அலைந்தார். ரயத்துவாரி என்ற அந்த முறை உருப்பெற்றது நம்முடைய இந்தப் புன்செய் மண்ணில்தான். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றலாகிப் போனார். பிற்பாடு சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். 1827இல் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார்.

இப்போது கிருஷ்ணகிரி அணைக்கு வருவோம். தென்பெண்ணையின் குறுக்கே அந்த அணை வந்தது 1957இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது. அதாவது, உங்கள் விருந்தினர்கள் பார்த்து மயங்கும் அந்த நீர்ப்பரப்பு மன்றோ இறந்து 130 ஆண்டுகள் கழித்து உண்டானது. அந்தக் கரையில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், என்னிடம் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளையே சிரிப்பான். திப்புவுக்கும் இதே பதில்தான். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையே மைசூரார் கையில் இருந்தபோது அவர் எதற்காக ஏரிக்கரையில் அறை தேடியிருக்கப்போகிறார்? 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை அந்தக் கோட்டையைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. சுவரில் மாட்ட வேண்டுமென்றால் அதை மாட்டுங்கள். ஆனால் அது மலையின் கதை. உங்கள் விடுதியின் கதை அல்ல.

ஆவி பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

பெரிய மனிதர்களைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் நீங்கள் இல்லை. அப்படியிருந்தும் ஏன் வாங்குகிறீர்கள் என்பதே எனக்குப் புரியாத விஷயம். வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த வரலாறு இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தாராளமாக இருக்கிறது. தகடூர் அதியமானிடம் ஒருநாள் இல்லை, பலநாள், அதுவும் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல்நாள் போலவே வரவேற்றான் என்று ஒளவையார் பாடிய பாட்டு இருக்கிறது. தர்மபுரியில் எந்த விழா மேடையிலும் அதைத் தப்பாமல் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் நான் அதற்குமேல் நீட்டவில்லை. எனக்குப் பிடித்தது அதியமான் பெயரைத் தாங்கிய இன்னொரு சான்று. தர்மபுரிப் பகுதியில் கிடைத்த, தூரம் காட்டும் ஒரு காதக்கல்லில் 'அதியமான் பெருவழி' என்றும், நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்றும் பொறித்திருக்கிறது. தாவளம் என்பது வணிகர்கள் சரக்கு மாட்டை அவிழ்த்துவிட்டுத் தங்கும் இடம். எழுத்தறியாதவரும் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்த எண்ணைக் குழிகளாகவும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில், இருட்டில் வரும் சரக்கு மாட்டுக்காரன் கல்லைத் தடவிப் பார்த்தே எவ்வளவு தூரம் பாக்கி என்று தெரிந்துகொள்ளலாம். உங்களில் பலர் வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன.

பிறகு சத்திரங்கள், சாவடிகள், கோயில் மண்டபங்கள். பழைய சத்திரத்துப் பெருமையைப் பேசும்போது நாம் வசதியாக விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. திண்ணை யாருக்கு, உள்கட்டு யாருக்கு, இலவசச் சாப்பாடு யாருக்கு என்பதையெல்லாம் சாதிதான் தீர்மானித்தது. ஒதுக்கப்பட்டவர்கள் மரத்தடியில் மூட்டையை அவிழ்த்தார்கள். ஊர்க்குளத்தில் அவர்கள் தண்ணீர் மொள்ளவும் முடியாது. பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். இந்தத் தடைகளை நீக்கும் சட்டம் 1938இல், ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்தபோது வந்தது. தங்கும் இடத்தின் வரலாற்றைச் சொல்ல வந்தவன் இதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. உங்கள் சுவரில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

இனி பங்களா. உங்களில் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கும் அந்தப் பழைய கட்டடம் வெள்ளைக்காரத் துரை ஒருவர் இயற்கையை ரசிக்கக் கட்டியது என்று விளம்பரத்தில் பார்த்தேன். இல்லை. முசாபரி பங்களா என்றும் டி.பி. (டிராவலர்ஸ் பங்களா) என்றும் நம் பாட்டன்மார் சொன்ன அந்த வகைக் கட்டடங்கள் எல்லாமே வேலைக்காகக் கட்டப்பட்டவை. சாலையோரத்தில் இருந்தால் முகாம் போகும் அதிகாரிக்கு. ஏரிக்கரையில் இருந்தால் மதகையும் உபரி நீர் வழியும் கலிங்கையும் கரையையும் பார்வையிட வரும் பொறியாளருக்கு. தாழ்வாரம் ஏரியைப் பார்த்து இருப்பதற்குக் காரணம் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதுதான். அதே தாழ்வாரத்தை நீங்கள் சூரியோதயத்துக்கு விற்கிறீர்கள். விற்றுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

கட்டில் இருக்கும், மெத்தை தலையணை இருக்காது. படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். பணி நிமித்தம் ஓர் அதிகாரி வந்துவிட்டால் வெறும் பயணி அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம், கொடுத்த கட்டணம், குறைநிறை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஜில்லா போர்டுகள் இருந்தவரை இப்படிப்பட்ட பங்களாக்கள் பலவற்றை அவை பராமரித்தன. போர்டுகள் கலைந்து பஞ்சாயத்து யூனியன்கள் வந்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குப் போயிற்று. கோப்புகளுக்கும் நிம்மதி இல்லை. 1965இல் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது, 2004இல் கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஒரு பங்களாவின் பூர்வீகத்தைத் தேடுகிறவர் மூன்று ஊர்களில் படியேற வேண்டும். யாரும் ஏறுவதில்லை. கடைசியில் மன்றோவைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பங்களாவின் கடைசிக் காவலரை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் தள்ளாத வயதில் இருந்தார். காவல், சமையல், தண்ணீர் மொள்ளுவது, விளக்குத் துடைப்பது, எல்லாம் அவரே. பெயரை இங்கே எழுதவில்லை. அவர் பேத்தியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் நீங்களே எழுதுங்கள். அதிகாரி வருகிற செய்தி தலையாரி மூலம் முந்தின நாள் வரும். சில சமயம் ஜீப் வந்து நின்ற பிறகுதான் தெரியும். அப்படித் திடீரென்று வந்தால் கோழியின் கதி அவ்வளவுதான். இது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். பங்களாவில் பயணி வந்து இறங்கியதும் கொல்லையில் துரத்திப் பிடித்து, அரை மணி நேரத்தில் தட்டுக்கு வரும் கோழிக்கு அந்நாளைய ஆங்கிலேயர்கள் வைத்திருந்த பெயரே 'திடீர்ச் சாவு' என்பதுதான். நம்மவர் செய்தது மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட வறுவல். அதன் கணக்கு அவருக்குச் சரியாக வந்ததே இல்லை. அதிகாரி எழுந்து போகும்போது கோழிக்கும் பணம் கொடுப்பார் என்பது விதி. கொடுத்தவர்களை அவர் பெயர் சொல்லி நினைவு வைத்திருந்தார் என்றால், எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாட்டைப் பற்றியும் அவர் சொல்லுவார். துரைமார் காலத்தில் தன் தகப்பனார் முட்டை அவித்ததும், ரொட்டி கிருஷ்ணகிரியிலிருந்து வந்ததும் அவருக்குக் கேள்வி ஞானம். அவர் காலத்தில் இட்லியும் உப்புமாவும். ஆனால் அவருடைய வீட்டில் காலை உணவு என்பது முந்தின நாள் கேழ்வரகுக் களியை மோரில் கரைத்துக் குடிப்பது. ஒருமுறை சர்வே வேலையாக வந்த அதிகாரி ஒருவர் சமையற்கட்டுக்கே வந்து, எனக்கும் அதையே கொடு என்று வாங்கிக் குடித்தாராம். அதைச் சொல்லும்போது கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. உங்கள் உணவுப் பட்டியல்களைப் படித்தேன். 'பாரம்பரியக் காலை உணவு' என்ற தலைப்பின்கீழ் பூரியும் சாண்ட்விச்சும் இருக்கின்றன. களி இல்லை, கம்பங்கூழ் இல்லை. விளைகிற ஊரில் நிலக்கடலைச் சட்னிகூட இல்லை. மாம்பழக் காலத்தில் செந்தூராவும் பெங்களூராவும் தெருவில் குவிந்து கிடக்கும்போது உங்கள் மேசையில் டப்பா ஜூஸ் வைக்கிறீர்கள். இதை எந்த வரலாற்றில் சேர்ப்பது?

அந்தப் பங்களாவைச் சுத்தம் செய்தபோது அலமாரிக்குப் பின்னாலிருந்து பதிவேடு ஒன்று கிடைத்தது என்று என்னிடம் காட்டினீர்கள். ஐம்பதுகளின் கடைசியும் அறுபதுகளும். பிரபலமான பெயர் ஒன்றுகூட இல்லையே என்று உங்களுக்கு வருத்தம். எனக்கோ அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மலேரியா ஒழிப்புக்கு மருந்தடிக்க வந்தவர்கள், தேர்தல் பணிக்கு வந்தவர்கள், கால்நடை மருத்துவர், பள்ளி ஆய்வாளர், ஏரி உடையுமோ என்று மழைக்காலத்தில் வந்து தங்கிய ஓவர்சியர். குறைநிறைப் பகுதியில் ஒருவர் வெந்நீர் நன்றாக இருந்தது என்கிறார். இன்னொருவர் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை என்கிறார். மூன்றாவது ஆள் கொசுவலையில் ஓட்டை என்கிறார், அவர் மலேரியா ஊழியர் என்பதுதான் வேடிக்கை. புதிதாகப் பிறந்த ஒரு நாடு எப்படித் தட்டுத் தடுமாறி வேலை செய்தது என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டாதீர்கள். முழுவதையும் படியெடுத்து, படியை விருந்தினர் புரட்ட வையுங்கள். மூலத்தைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டி, எப்படிப் பாதுகாப்பது என்று கேளுங்கள். அப்படியே, தோட்டத்தில் அலங்காரத்துக்காக ஒரு நடுகல்லை நிறுத்தி அதன்மேல் விளக்கு மாட்டியிருக்கும் நண்பர், அதையும் அங்கே தெரிவித்துவிடட்டும். அது யாரோ ஒருவன் ஊருக்காகச் செத்த கல்.

ஏரியைப் பற்றிச் சொல்லாமல் ஏரிக்கரை விடுதியின் வரலாறு ஏது? பாரூர்ப் பெரிய ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணைத் தண்ணீர் நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பிக் கால்வாய் வழியாக வந்து அதை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரை எந்த மதகில் எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் நீர்க்கட்டிகள் எனப்பட்ட நீர் பாய்ச்சுகிறவர்களின் கையில் இருந்த வேலை. 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் போட்ட சாலைகளிலும் கரைகளிலும்தான் பின்னால் துரைமாரின் வண்டிகள் ஓடின. மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை போன குறுகிய ரயில்பாதையும் பஞ்சத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டதே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், அது மூடப்பட்டது. பயணிகள் பஸ்ஸுக்கு மாறினார்கள். நடுவழியில் இரவு தங்க வேண்டிய தேவை குறைந்தது. பங்களாக்களில் வௌவால் குடியேறியது. ஒரு விடுதி வளர்வதும் தேய்வதும் இப்படிப்பட்ட காரணங்களால்தான். இன்றைக்கு உங்களுக்கு வியாபாரம் நடப்பதும் பெங்களூரு நெடுஞ்சாலை நாற்கரமாக அகன்றதால்தானே? அந்த அகலத்துக்காகச் சாலையோரப் புளியமரங்கள் போனதையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

பெங்களூருவிலிருந்து உங்கள் விருந்தினர் வருவதற்கு முன்பே அவர்கள் ஊர்க் கழிவு நீர் தென்பெண்ணையில் வந்துவிடுகிறது. ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் நுரை பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறைக்கு வெளியே பனி என்று நினைத்துப் படம் எடுத்தார்களாம் சிலர். அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லக்கூடிய செல்வாக்கு அவர்களில் சிலருக்காவது இருக்கும். அப்படியே உங்கள் கழிவுநீர்த் தொட்டி ஏரிப்பக்கம் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர்களிடம் பேச நமக்கு வாய் இருக்காது.

இந்த மடலை எழுத வைத்த காரியம் இனிதான் வருகிறது. உங்களில் இரண்டொருவர் கரைமேல் கம்பிவேலி போட்டிருக்கிறீர்கள். விருந்தினர்களுக்குத் தனிமை வேண்டும், மாடு குறுக்கே வருகிறது, துணி துவைக்கிற சத்தம் காலையில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது உங்கள் தரப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியை எடுத்துப் படியுங்கள். சாதி, மதம், பால், பிறப்பிடம் என்று காரணம் காட்டி எந்தக் குடிமகனுக்கும் தடைபோடக் கூடாத இடங்களை அது அடுக்குகிறது. முதலில் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள். அடுத்து, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள், சாலைகள். விடுதியும் குளமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன, ஏனென்றால் நம் ஊரில் இரண்டிலுமே ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். நீங்கள் சாதி பார்த்து வேலி போடவில்லை என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த வேலியால் சுற்றிப் போகிறவர்கள் யார் என்று ஒருநாள் காலையில் நின்று பாருங்கள். மீன்பிடிக்கிறவர்கள், மாட்டுக்காரப் பெண்கள், காலனிப் பிள்ளைகள். நூறு ஆண்டுகளுக்கு முன் யாரைக் குளத்தில் இறங்கவிடவில்லையோ அவர்களின் பேரப்பிள்ளைகளே. கரை உங்கள் பட்டாவில் இல்லை. வேலியை எடுத்துவிடுங்கள், வரலாற்றுப் பலகையை அதன்பிறகு பேசலாம்.

ஒரு சின்ன விஷயம், கோபப்படாதீர்கள். வீட்டிலேயே படுக்கையும் காலை உணவும் தருகிற வகைக்கு ஒன்றிய அரசின் திட்டம் ஒன்று உண்டு. அதில் அதிகபட்சம் ஆறு அறைகள், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இருபது அறை கட்டிவிட்டு, உரிமையாளர் பெங்களூருவின் கோரமங்களாவில் இருந்துகொண்டு, அதற்கு 'ஹோம்ஸ்டே' என்று பெயர் வைப்பதைப் பார்த்தால் மன்றோ கதையே தேவலை என்று தோன்றுகிறது.

பலகையில் என்ன எழுதலாம் என்று கேட்டீர்களே, இதோ. கட்டடம் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது. ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த ஊர் வயல்களுக்குப் போகிறது. இங்கே சமைத்தவர், காவல் காத்தவர், தண்ணீர் பாய்ச்சியவர் யார் யார். யாரை உள்ளே விடவில்லை, எப்போதிலிருந்து விட்டார்கள். ஆண்டு தெரிந்தால் ஆண்டு. தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பொய்யாக 1890 என்று போடாதீர்கள். ஆவணம் தேடுகிறவர்கள் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். சேலம் மாவட்டத்துக்கு 1883இலும் 1918இலும் அச்சான விவரத் தொகுப்புகள் இருக்கின்றன, நான் துணைக்கு வருகிறேன். பஸ் டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன்.

காவலரின் பேத்தி வீடு பெரிய மதகுக்குக் கீழே இரண்டாவது தெருவில் இருக்கிறது. பகலில் அவர் நூறுநாள் வேலைக்குப் போய்விடுவார். மாலை நான்கு மணிக்குமேல் போங்கள், போகும்போது அந்தப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் தாத்தாவின் கையெழுத்து அதில் இருக்கிறது. அவர் அதை இதுவரை பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கிருஷ்ணகிரி